ஹேக் நீதிமன்றமும் ஆப்பிரிக்காவும்: நாற்காலியில் இருப்பவரை யார் பிடிப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஆப்பிரிக்கர்களை மட்டும்தானே கூண்டில் ஏற்றுகிறது? அவ்வளவு பெரிய நீதிமன்றம் எடுத்து நடத்தியும் அங்கே பல வழக்குகள் ஏன் பாதியிலேயே படுத்துவிடுகின்றன?" இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் முதல் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் இந்த நீதிமன்றம் (சுருக்கமாக ஐசிசி) 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2016 ஜனவரியில் ஜார்ஜியா விவகாரத்தைக் கையில் எடுக்கும்வரை அது நடத்திய முழு விசாரணைகள் எல்லாமே ஆப்பிரிக்க நாடுகளில்தான். போர்க்குற்றத்துக்கும் மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்கும் அங்கே இதுவரை தண்டனை வாங்கியவர்கள் அத்தனை பேரும் ஆப்பிரிக்கர்கள். 2013-இல் ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குத் தலைமை வகித்த எத்தியோப்பியப் பிரதமர் ஹைலேமரியம் தெசலேன் இதை இனவேட்டை என்றே வர்ணித்தார்.

ஆனால் அந்த வழக்குகள் ஹேக்குக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று பார்த்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. உகாண்டா, காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, மாலி ஆகிய நான்கும் தாங்களாகவே வந்து, எங்கள் நாட்டில் விசாரியுங்கள் என்று மனுக் கொடுத்தவை. ஐவரி கோஸ்ட் தானே முன்வந்து நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றது. சூடானின் டார்ஃபூரையும் லிபியாவையும் அனுப்பியது ஐ.நா. பாதுகாப்பு சபை. கென்யாவிலும் பின்னாளில் புருண்டியிலும்தான் யாரும் கூப்பிடாமல் ஐசிசி உள்ளே போனது. ஐசிசியை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தை உலகிலேயே முதலில் ஏற்றுறுதி செய்த நாடும் ஓர் ஆப்பிரிக்க நாடுதான்: செனகல், 1999-இல்.

சரி, தன் நாட்டைத் தானே ஏன் ஒருவர் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார்? உகாண்டா அதிபர் முசேவெனி 2003 டிசம்பரில் மனுக் கொடுத்தது ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படையைப் பிடித்துத் தரச்சொல்லித்தான். கோனியின் ஆட்கள் செய்த கொடுமைகளில் சந்தேகமே இல்லை. சிறு வயதில் அந்தப் படையால் கடத்தப்பட்டு, பிறகு அதன் தளபதியாகவே ஆன டொமினிக் ஓங்வெனுக்கு 2021-இல் 25 ஆண்டு சிறை கிடைத்தது. ஆனால் அதே வடக்கு உகாண்டாவில் முகாம்களில் அடைபட்டிருந்த மக்கள் அரசுப் படைமீதும் புகார் சொன்னார்கள். அந்தப் பக்கம் ஒருவர்மீதும் ஐசிசியில் வழக்கு இல்லை. ஐவரி கோஸ்ட் இன்னும் மோசம். 2010 தேர்தலுக்குப் பிறகான மோதலில் சுமார் 3,000 பேர் இறந்தார்கள், இரண்டு தரப்புமே கொன்றது. தேர்தலில் தோற்ற அதிபர் லாரன் பாக்போ 2011 நவம்பரில் ஹேக் சிறைக்குப் போனார். வென்ற வட்டாராவின் தரப்பிலிருந்து யாரும் போகவில்லை. பாக்போவும் 2019-இல் விடுதலையாகிவிட்டார். 3,000 சாவுக்கு ஹேக்கில் கடைசியில் யாருமே பொறுப்பாகவில்லை.

என் பார்வையில் தோலின் நிறத்தைவிட நாற்காலிதான் இங்கே பெரிய விஷயம். ஐசிசிக்குச் சொந்தமாகப் போலீஸ் கிடையாது. பிடியாணை எழுதலாம், பிடிக்க வேண்டியது உறுப்பு நாடுகள். ஆவணம் வேண்டுமா, சாட்சியைச் சந்திக்க வேண்டுமா, விசா வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்த நாட்டு அரசிடமே கைநீட்ட வேண்டும். ஆகவே அரசு யாரைக் கொடுக்க விரும்புகிறதோ அவர் கிடைப்பார். அரசே குற்றவாளிக் கூண்டில் நின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யாவைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

2007 டிசம்பர் 27-இல் கென்யாவில் அதிபர் தேர்தல் நடந்தது. முடிவில் தில்லுமுல்லு என்று கலவரம் வெடித்தது. இரண்டு மாதத்துக்குள் 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், சுமார் 6 லட்சம் பேர் வீடுவாசலை விட்டு ஓடினார்கள். 2008 புத்தாண்டு அன்று எல்டொரெட் பக்கத்தில் கியாம்பா என்ற ஊரில், உயிருக்குப் பயந்து ஒரு தேவாலயத்துக்குள் ஒதுங்கியிருந்தவர்களை வெளியே விடாமல் தீ வைத்தார்கள். எரிந்துபோனவர்கள் சுமார் முப்பது பேர், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலர் கோஃபி அன்னான் வந்து சமரசம் செய்துவைத்தார். கென்ய நீதிபதி பிலிப் வாக்கி தலைமையில் ஒரு விசாரணை ஆணையம் அமைந்தது. அந்த ஆணையம் ஒரு சாமர்த்தியமான காரியம் செய்தது. முக்கியப் புள்ளிகளின் பெயர்களை அறிக்கையில் அச்சடிக்காமல் ஓர் உறையில் போட்டு முத்திரை வைத்து அன்னானிடம் கொடுத்தது. உள்நாட்டில் சிறப்பு நீதிமன்றம் அமைத்தால் உறை அங்கே போகும், அமைக்காவிட்டால் ஹேக்குக்குப் போகும். நாடாளுமன்றத்தில் அதற்கான மசோதா 2009 பிப்ரவரியில் தோற்றது. உள்ளூர் நீதிமன்றம் எதற்கு, நேரே ஹேக்குக்கே போகட்டும் என்று எதுகை மோனையோடு கோஷம் போட்ட எம்.பி.க்கள் உண்டு. அதில் பலர் ஹேக் ரொம்ப தூரம், அங்கிருந்து யாரும் வரப்போவதில்லை என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் யூகம்.

2009 ஜூலையில் அந்த உறையும் ஆறு பெட்டி ஆவணங்களும் ஐசிசியின் தலைமை வழக்கறிஞர் மொரேனோ ஒகாம்போவின் கைக்குப் போயின. அவர் உறையைத் திறந்து படித்துவிட்டு மறுபடி முத்திரை வைத்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆறு பேரின் பெயரை அறிவித்தார். அதில் இருவர் ஊஹுரு கென்யாட்டாவும் வில்லியம் ரூட்டோவும். கலவரத்தின்போது எதிரெதிர் முகாம்களில் இருந்தவர்கள். கிக்குயு மக்களுக்கும் கலெஞ்சின் மக்களுக்கும் இடையே நடந்த அடிதடியில் ஆளுக்கொரு பக்கம் நின்றதாகத்தான் குற்றச்சாட்டே.

அப்புறம் நடந்ததை ஹேக்கில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வழக்கு இருவரையும் ஒட்டவைத்தது! ஒரே கூட்டணியில் சேர்ந்து, வெளிநாட்டு நீதிமன்றம் நம் தலைவர்களை அவமானப்படுத்துகிறது என்று ஊர் ஊராகப் பேசி, 2013 மார்ச் தேர்தலில் 50.07 சதவீத வாக்கோடு வென்றார்கள். கென்யாட்டா அதிபர், ரூட்டோ துணை அதிபர். குற்றம் சாட்டப்பட்டவரே, தனக்கு எதிரான ஆவணங்களை ஒப்படைக்க வேண்டிய அரசின் தலைவர். வங்கிக் கணக்கு, தொலைபேசிப் பதிவு, சொத்து விவரம் என்று ஐசிசி கேட்டதெல்லாம் வாய்தா மேல் வாய்தாவாக இழுத்தன. கென்ய அரசு ஒத்துழைக்கத் தவறியது என்று நீதிபதிகள் முறையாகத் தீர்ப்பே எழுதினார்கள். அது வந்தது 2016-இல், வழக்கு செத்து இரண்டு வருடம் கழித்து.

2014 அக்டோபர் 8-இல் கென்யாட்டா ஹேக்கில் ஆஜரானார். பதவியில் இருக்கும் ஒரு நாட்டின் தலைவர் அந்த நீதிமன்றத்தில் நின்றது அதுவே முதல் தடவை. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கென்யா என்ற நாடு கூண்டில் ஏறக் கூடாது என்று சொல்லி, போவதற்கு முன் அதிபர் பொறுப்பைத் தற்காலிகமாக ரூட்டோவிடம் கொடுத்துவிட்டுத் தனிமனிதராகப் போனார். அந்த ரூட்டோவும் அதே நீதிமன்றத்தில் வழக்கைச் சந்தித்துக்கொண்டிருந்தவர். இரண்டு மாதத்தில், டிசம்பர் 5-இல், போதிய சாட்சியம் இல்லை என்று ஒகாம்போவுக்குப் பின் வந்த தலைமை வழக்கறிஞர் ஃபட்டு பென்சூடா வழக்கைத் திரும்பப் பெற்றார்.

ரூட்டோ வழக்கில் சாட்சிகளின் நிலைமை பரிதாபம். நம்மூர் கோர்ட்டுகளில் பிறழ்சாட்சி என்பது தினசரிச் செய்தி. அங்கேயும் அதேதான், அளவுதான் பெரிது. சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவர்களில் 17 பேர் பின்வாங்கினார்கள் என்று பென்சூடா பிறகு சொன்னார். சொந்த ஊரில் யார் சாட்சி என்று சமூக ஊடகத்தில் பெயர் போட்டார்கள். பல்டி அடித்த சாட்சிகளின் பழைய வாக்குமூலத்தைப் பயன்படுத்தலாம் என்று கீழமர்வு 2015 ஆகஸ்டில் அனுமதித்தது. மேல்முறையீட்டு அமர்வு 2016 பிப்ரவரியில் அதைத் தள்ளுபடி செய்தது. ஏப்ரல் 5-இல் வழக்கே 2-க்கு 1 என்ற பெரும்பான்மையில் முடித்துவைக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு விடுதலைத் தீர்ப்பு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாட்சிகள் கலைக்கப்பட்டதையும் அரசியல் தலையீட்டையும் கணக்கில் எடுத்து, புதிதாகச் சாட்சியம் கிடைத்தால் மறுபடி தொடரலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார்கள். சாட்சிகளுக்குப் பணம் கொடுத்துக் கலைத்ததாக ஒரு வழக்கறிஞர்மீது தனி வழக்கு நடந்தது. தீர்ப்பு வருவதற்கு முன் 2022 செப்டம்பரில் அவர் இறந்துபோனார். அதே மாதம்தான் ரூட்டோ கென்யாவின் அதிபராகப் பதவியேற்றார்.

முழுப் பழியையும் கென்ய அரசின்மேல் போடுவதும் நியாயமில்லை. ஐசிசியின் வேலையும் ஓட்டையாகத்தான் இருந்தது. கென்யாட்டாவோடு குற்றம் சாட்டப்பட்டிருந்த முத்தௌராமீதான வழக்கு விழுந்ததற்கு ஒரு காரணம், முக்கியச் சாட்சி பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டதுதான். வழக்குத் தரப்பின் அலட்சியத்தைக் கடுமையாக எழுதிவிட்டு நீதிபதி வான் டென் வின்கார்ட் அந்த அமர்விலிருந்து விலகினார். இதற்கு முன்பே காங்கோவின் ஆயுதக்குழுத் தலைவர் லுபாங்காவின் வழக்கில், களத்துக்குப் போகாமல் இடைத்தரகர்களை நம்பிச் சாட்சி சேர்த்ததற்காக நீதிபதிகள் கண்டித்திருந்தார்கள். காங்கோ கிராமத்துச் சம்பவத்தை ஹேக்கில் உட்கார்ந்து கட்டமைக்க நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

கென்யாவில் பிரச்சினை சாட்சியம் என்றால், சூடானில் ஆளைப் பிடிப்பதே பிரச்சினை. டார்ஃபூர் கொலைகளுக்காக அதிபர் ஒமர் அல் பஷீர்மீது 2009 மார்ச் 4-இல் பிடியாணை வந்தது. (அதே மார்ச்சில்தான் வன்னியில் இறுதிப்போர் நடந்துகொண்டிருந்தது. சூடானைப் போலவே இலங்கையும் ரோம் சாசனத்தில் சேராத நாடு. பாதுகாப்பு சபை அனுப்பினால்தான் ஐசிசி தொட முடியும். சபை அனுப்பவில்லை. 2014-இல் சிரியாவை அனுப்பும் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. அந்தச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் ஐசிசியில் இல்லவே இல்லை. ஆப்பிரிக்கர்களின் கோபத்தில் இந்தப் பகுதி நூற்றுக்கு நூறு நியாயமானது.)

பிடியாணைக்குப் பிறகும் பஷீர் சாட், கென்யா, மலாவி, நைஜீரியா என்று போய்வந்துகொண்டே இருந்தார். ஒத்துழைக்க வேண்டாம் என்று ஆப்பிரிக்க ஒன்றியம் 2009-லேயே தீர்மானம் போட்டிருந்தது. ரொம்பவும் பேசப்பட்டது தென்னாப்பிரிக்கக் கூத்து. 2015 ஜூனில் ஒன்றியத்தின் உச்சி மாநாட்டுக்காக அவர் ஜோகன்னஸ்பர்க் வந்தபோது, ஒரு சட்ட உதவி அமைப்பு பிரிட்டோரியா உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அவர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமையே இடைக்கால உத்தரவு வந்தது. மறுநாள் நீதிபதிகள் வாதத்தைக் கேட்டு, கைது செய்யுங்கள் என்று உத்தரவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அரசு வழக்கறிஞர் எழுந்து, அவர் கிளம்பிவிட்டார் என்று சொன்னார். வாட்டர்க்ளூஃப் ராணுவ விமானதளத்திலிருந்து விமானம் ஏற்கெனவே பறந்துவிட்டிருந்தது. நெல்சன் மண்டேலாவின் நாட்டில், நீதிமன்றம் கூடியிருக்கும்போதே நடந்தது இது. இதற்கு நேர்மாறாக ஒரு சின்ன நாடு செய்ததையும் சொல்ல வேண்டும். மலாவி அதிபர் ஜாய்ஸ் பாண்டா 2012-இல் பஷீர் வரக் கூடாது என்று நின்றார். மாநாட்டை அட்டிஸ் அபாபாவுக்கு மாற்றினார்களே தவிர, அவர் வளைந்து கொடுக்கவில்லை.

பஷீர் 2019-இல் கவிழ்ந்தபிறகும் ஹேக் போகவில்லை. டார்ஃபூருக்காக இதுவரை தண்டனை பெற்றவர் ஒருவர்தான்: அரசு ஆதரவு ஆயுதக்குழுவான ஜஞ்சவீத்தின் தளபதி அலி குஷைப், 2025 டிசம்பரில் 20 ஆண்டு. அவரும் 2020-இல் தானாகவே வந்து சரணடைந்தவர். எய்தவன் இருக்க அம்பை நோகும் கதைதான். அந்தத் தீர்ப்பு வரும் நேரத்தில் அதே டார்ஃபூரில் அதே ஜஞ்சவீத்திலிருந்து வளர்ந்த படை எல் ஃபாஷர் நகரைப் பிடித்துக் கொலைவெறி ஆடிக்கொண்டிருந்தது.

ஐசிசிக்கு முந்தைய ருவாண்டா தீர்ப்பாயத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1994 இனப்படுகொலைக்காக ஐ.நா. அதைத் தான்சானியாவின் அருஷாவில் அமைத்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை கொடுத்தது, அதில் பிரதமராக இருந்தவரும் ஒருவர். 1998-இன் அக்காயேசு தீர்ப்பில், பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவியாக இருக்க முடியும் என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் முதன்முறையாகச் சொன்னது. ஆரம்பக் குற்றப்பத்திரிகையில் அந்தக் குற்றமே இல்லை. அமர்வில் இருந்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண்ணான நவநீதம் பிள்ளை, டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண், சாட்சிகளிடம் கேள்வி கேட்டுக் கேட்டு வெளியே கொண்டுவந்த உண்மையால்தான் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. பெரிய சாதனை. ஆனால் அங்கேயும் நாற்காலி விவகாரம் உண்டு. போரில் வென்று ஆட்சியைப் பிடித்த ககாமேயின் படையினர்மீதும் கொலைப் புகார்கள் இருந்தன. அருஷா தீர்ப்பாயம் அவர்களில் ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை. விசாரிக்க முனைந்த வழக்கறிஞர் கார்லா டெல் போன்டேயின் பதவி 2003-இல் நீட்டிக்கப்படவில்லை.

அப்படியென்றால் ஆப்பிரிக்காவே தனக்கு நீதிமன்றம் வைத்துக்கொண்டால் தீர்ந்ததே என்று தோன்றும். 2014-இல் ஒன்றியம் மலாபோவில் அதற்கான ஒப்பந்தத்தை எழுதியது. அதில் ஒரு ஷரத்து, பதவியில் இருக்கும் அதிபர்களையும் உயர் அதிகாரிகளையும் விசாரிக்கக் கூடாது என்கிறது. நடைமுறைக்கு வர 15 நாடுகள் ஏற்க வேண்டும். பத்து வருடம் கழித்து, ஏற்ற நாடுகளை விரல்விட்டு எண்ணினால் ஒரு கையே அதிகம்.

நம்பிக்கை தருவது ஹாப்ரே வழக்கு. ஹிஸ்ஸேன் ஹாப்ரே 1982 முதல் 1990 வரை சாட் நாட்டை ஆண்டவர். அவருடைய ரகசியப் போலீஸ் நீச்சல்குளத்தின்மேல் காங்கிரீட் போட்டு மூடி அதற்குள் சிறை நடத்தியது. சுமார் 40,000 பேர் கொல்லப்பட்டதாகச் சாட் விசாரணை ஆணையத்தின் கணிப்பு. அந்தச் சிறையில் கிடந்து செத்துப் பிழைத்த சுலைமான் கெங்கெங், வெளியே வந்ததும் மற்றவர்களிடம் நூற்றுக்கணக்கில் வாக்குமூலம் எழுதி வாங்கி வீட்டில் பல வருடம் ஒளித்துவைத்திருந்தார். 2001-இல், கைவிடப்பட்ட ரகசியப் போலீஸ் தலைமையகத்தில் தரையெல்லாம் இறைந்து கிடந்த காகிதங்களை மனித உரிமை ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். அதில் 12,321 பேரின் பெயர், காவலில் இறந்த 1,208 பேரின் விவரம் எல்லாம் அரசாங்கக் கையெழுத்திலேயே இருந்தன. ஹாப்ரே தப்பிப்போய்த் தஞ்சம் புகுந்த செனகல் பல வருடம் இழுத்தடித்தது. 2012-இல் பெல்ஜியம் தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் (ஐசிசி அல்ல, நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைப் பார்ப்பது) குட்டியபிறகும், ஆட்சி மாறியபிறகும்தான், செனகல் தலைநகர் டக்காரில் ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. அதற்கான மொத்தச் செலவு ஒரு கோடி யூரோவுக்கும் குறைவு. ஐசிசியின் ஓராண்டு பட்ஜெட் 15 கோடி யூரோவைத் தாண்டும். ஹாப்ரே வாய் திறக்க மறுத்து, கறுப்புக் கண்ணாடியும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருக்க, பாதிக்கப்பட்டவர்கள் அவர் எதிரிலேயே சாட்சி சொன்னார்கள். 2016 மே 30-இல் ஆயுள் தண்டனை.

ஆனால் ஹாப்ரே நாற்காலியை இழந்து 25 வருடம் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவரைக் கவிழ்த்து ஆட்சியில் உட்கார்ந்த இத்ரீஸ் டெபி, ஒரு காலத்தில் அதே ஹாப்ரேயின் படைத்தலைவர். அவரை யாரும் கூப்பிடவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு 8,200 கோடி சிஎஃப்ஏ பிராங்குக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பு 2017-இல் உறுதியானது. சாட் அரசு அதில் ஒரு சிறு பங்கைக் கொடுக்கத் தொடங்கியதே 2024-இல்தான்.

கினியா இன்னொரு மாதிரி. 2009 செப்டம்பர் 28-இல் தலைநகர் கொனாக்ரியின் விளையாட்டரங்கில் படையினர் 150-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று, பெண்களைச் சீரழித்தார்கள். ஐசிசி வெளியிலிருந்து தொடர்ந்து நெருக்கியதில், சரியாக 13 வருடம் கழித்து கொனாக்ரியிலேயே விசாரணை தொடங்கியது. முன்னாள் ராணுவ ஆட்சியாளர் தாதிஸ் கமாராவுக்கு 2024 ஜூலையில் 20 ஆண்டு சிறை கிடைத்தது. மக்கள் தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்த விசாரணை அது. 2025 மார்ச்சில், இழப்பீட்டை அரசே ஏற்கும் என்று அறிவித்த கையோடு, உடல்நிலையைக் காரணம் காட்டி அப்போதைய ராணுவ ஆட்சியாளர் டும்பூயா அவருக்கு மன்னிப்பு வழங்கி வெளியே விட்டார். அந்த மன்னிப்பை எதிர்த்து ஹேக்கில் எவராலும் உடனடியாக எதுவும் செய்ய முடியவில்லை.

கடைசியாக, மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் 2025 செப்டம்பரில் ஐசிசியை விட்டு உடனே வெளியேறுவதாக அறிவித்ததைப் பற்றி. மூன்றிலும் ராணுவ ஆட்சி. சொன்ன காரணம் நவகாலனியம். 2012-இல் தன் வடக்குப் பகுதியை ஜிகாதிகள் பிடித்தபோது ஐசிசியைக் கூப்பிட்டதே மாலிதான். டிம்புக்டுவின் புராதனக் கல்லறைகளை இடித்தவருக்கு 9 ஆண்டு சிறை வாங்கித் தந்ததும் அந்த மனுதான். அப்போது எதிரி வெளியே இருந்தான், இப்போது புகார் அரசுப் படைமீதே வருகிறது. மாலி ராணுவமும் உடன்வந்த வெளிநாட்டு ஆயுததாரிகளும் மௌரா கிராமத்தில் 500 பேருக்கு மேல் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் அறிக்கை கொடுத்தது. இங்கே உடனே வெளியேறுவது என்று ஒன்று கிடையாது. ரோம் சாசனப்படி விலகல் கடிதம் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆனபிறகே விலகல் செல்லும். உறுப்பு நாடாக இருந்த காலத்தில் நடந்த குற்றங்கள்மீது நீதிமன்றத்தின் அதிகாரம் அப்படியே நிற்கும். மௌரா நடந்தது 2022 மார்ச்சில்.